ஆட்சி மாறினால் மகளைத் தண்ணீரில்லாக் காட்டுக்குத் தூக்கியடிப்பார்களா?

வணக்கம் டீச்சர்.

உங்கள் கடிதத்தில் மகளின் மதிப்பெண்களைப் பற்றி இரண்டே வரிதான் இருக்கிறது. மீதி முழுவதும் அரசியல். புதுச்சேரி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் முதுகலை முடிக்கப்போகிறாள், மத்திய உளவுத்துறையில் சேர வேண்டும் என்கிறாள், ஒரு நாள் அந்த அமைப்புக்கே தலைமையேற்பேன் என்றும் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பாவோ, "ஆட்சி மாறினால் தண்ணீரில்லாக் காட்டுக்குத் தூக்கியடிப்பார்கள், பேசாமல் வங்கித் தேர்வு எழுதச் சொல்" என்று முடித்துவிட்டார். நடுவில் நீங்கள்.

சார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கிற யாருக்கும் வரக்கூடிய பயம்தான் அது. இங்கே புதிய முதலமைச்சர் பொறுப்பேற்ற கையோடு ஐ.பி.எஸ். அதிகாரிகள் மாற்றப் பட்டியல் வெளிவரும். மஞ்சக்குப்பம் டீக்கடையில் அதைப் படிப்பவர்கள் முதலில் தேடுவது மாநில உளவுப் பிரிவுக்கு யார் வந்திருக்கிறார் என்பதைத்தான். முதலமைச்சரிடம் நேரடியாகப் பேசுகிற பதவி அது. தனக்கு நம்பிக்கையானவர் அங்கே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்சி முதலமைச்சரும் நினைப்பார். இப்படிப்பட்ட பட்டியல்களைப் பார்த்துப் பார்த்து, உளவு வேலை என்றாலே ஐந்து வருட வேலை என்று நாம் முடிவுகட்டி வைத்திருக்கிறோம்.

டெல்லியில் நடைமுறை வேறு. அங்கேயும் ஆட்சி மாற்றம் சிலரைத் தொடும், ஆனால் யாரைத் தொடும், யாரை விட்டுவிடும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1998 நவம்பரில் உருவாக்கப்பட்ட பதவி. வாஜ்பாய் காலத்தில் பிரஜேஷ் மிஸ்ரா அதில் இருந்தார்; 2004இல் ஆட்சி போனதும் அவரும் போனார், ஜே.என்.தீட்சித் வந்தார். 2014இல் மன்மோகன் சிங் அரசோடு சிவசங்கர் மேனன் விடைபெற, அஜித் தோவல் வந்தார். இது பிரதமர் தன் நம்பிக்கைக்குரியவரை அமர்த்திக்கொள்ளும் இடம். அதில் உட்காருகிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் உட்காருகிறார். போகும்போது அவமானப்பட ஒன்றும் இல்லை.

உளவுத்துறையின் இயக்குநரும், வெளிநாட்டு உளவு அமைப்பான ராவின் செயலாளரும் அப்படி இல்லை. இவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் விதியிலேயே இருக்கிறது. 2014 மே மாதம் மத்தியில் பெரிய ஆட்சி மாற்றம் நடந்ததே, அப்போது உளவுத்துறை இயக்குநராக இருந்த சையது ஆசிப் இப்ராகிம் முந்தைய அரசால் நியமிக்கப்பட்டவர். புதிய அரசு வந்த பிறகும் அந்த ஆண்டு டிசம்பர் வரை, தன் காலம் முடியும் வரை, அதே நாற்காலியில் இருந்தார். இன்னொன்றையும் சாரிடம் சொல்லுங்கள்: இன்று பாதுகாப்பு ஆலோசகராக இருக்கும் அஜித் தோவலை 2004இல் உளவுத்துறை இயக்குநராக்கியது காங்கிரஸ் தலைமையிலான அரசு. பத்தாண்டு கழித்து ஆலோசகராக்கியது பா.ஜ.க. தலைமையிலான அரசு. இதைச் சொன்னால் நம் ஊரில் பலர் நம்ப மறுக்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களைக் கொஞ்சம் அதிகமாகப் பார்க்கிறோமோ என்னவோ.

எல்லாம் சுமுகம் என்று மகளிடம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். தலைமை நாற்காலியைக் கனவு காண்கிறவள் 1977ஐப் படித்தாக வேண்டும்.

1962 சீனப் போரும் 1965 பாகிஸ்தான் போரும் நம் உளவு வேலையின் ஓட்டைகளைக் காட்டிக்கொடுத்த பிறகு, 1968 செப்டம்பரில் வெளிநாட்டு உளவுக்கென்று தனியாக ரா தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஆர்.என்.காவ். 1971 வங்கதேசப் போரில் அந்த அமைப்பு நல்ல பெயர் எடுத்தது. அடுத்து நெருக்கடி நிலை வந்தது. 1977 மார்ச்சில் இந்திரா காந்தி தோற்று மொரார்ஜி தேசாய் பிரதமரானபோது, நெருக்கடி நிலைக் காலத்தில் ராவை எதிர்க்கட்சியினருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள் என்ற சந்தேகம் புதிய ஆட்சியாளர்களிடம் பலமாக இருந்தது. காவ் வெளியேறினார். அடுத்து வந்த சங்கரன் நாயர், செயலாளர் என்ற அந்தஸ்தை இயக்குநர் என்று குறைத்தபோது, சில மாதங்களிலேயே விலகிக்கொண்டார். அமைப்பின் ஆட்களும் செலவும் வெட்டப்பட்டன. ஒன்பது வருடம் கட்டிய வீட்டில் ஒரே கோடையில் சுவர் விரிசல் விட்டது.

பத்திரிகைகளில் அதிகம் எழுதப்பட்டது காவின் கதைதான். என் மேசைக்கு வரும் மாணவர்களுக்கு நான் சொல்வது அதற்கடுத்து வந்தவரின் கதையை. நாயருக்குப் பின் பொறுப்பேற்றவர் என்.எஃப்.சன்டூக். மொரார்ஜியிடம் வேலை பார்த்தார், பிறகு சரண் சிங்கிடம், 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்த பிறகு அவரிடமும். ஒருவரை ஒருவர் சிறைக்கு அனுப்பிய, அனுப்ப நினைத்த மூன்று பிரதமர்கள். மொரார்ஜி அரசு அமர்த்திய ஆள் என்று இந்திரா அவரைத் தூக்கியடிக்கவில்லை. 1983 வரை இருந்தார். சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட ஓர் அமைப்பை, சந்தேகப்பட்டவர் கையிலும் சந்தேகத்துக்குக் காரணமானவர் கையிலும் உடையாமல் கொண்டு சேர்த்தார் அவர். ஆட்சி மாற்றத்தின்போது பாதுகாப்பு அமைப்பை நடத்துவது என்றால் என்ன என்று நேர்முகத் தேர்வில் யாராவது கேட்டால், உங்கள் மகள் சன்டூக்கிலிருந்து தொடங்கட்டும்.

எம்.கே.நாராயணனையும் சேர்த்துக்கொள்ளலாம், சென்னை லயோலாவில் படித்தவர். 1987இல் உளவுத்துறை இயக்குநர். 1989இல் வி.பி.சிங் ஆட்சி வந்தபோது அங்கிருந்து நகர்த்தப்பட்டார். 1991இல் அதே நாற்காலிக்குத் திரும்பினார். 2005இல் பாதுகாப்பு ஆலோசகர். நடுவில் நகர்த்தப்பட்டதைப் பெரிதுபடுத்தி வெளியே பேசிக்கொண்டு திரிந்திருந்தால் திரும்பக் கூப்பிட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 2008 நவம்பரில் மும்பைக்குள் கடல் வழியாகப் பயங்கரவாதிகள் வந்த பிறகு, கடலோரக் காவல் பலப்படுத்தப்பட்டது. அதே ஆண்டின் கடைசி நாள், பயங்கரவாத வழக்குகளை விசாரிப்பதற்கான தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகுதான் 'சாகர் கவச்' ஒத்திகை நமக்குப் பழகிய செய்தியானது. பயங்கரவாதிகள் வேடத்தில் போலீஸாரே படகில் வருவார்கள். கடலூர் துறைமுகத்திலோ புதுச்சேரிக் கரையிலோ நம் காவலர்கள் பிடிக்க வேண்டும். மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வரும். இதற்கிடையே சென்னையில் ஆட்சி மாறிவிட்டது, டெல்லியில் மாறிவிட்டது. புதுச்சேரியில் 2021 பிப்ரவரியில் அரசு கவிழ்ந்து, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்து, மே மாதம் வேறொரு முதலமைச்சர் பதவியேற்றார். ஒத்திகை நின்றுபோகவில்லை. தேவனாம்பட்டினத்து மீனவரிடம் படகுப் பதிவையும் அடையாள அட்டையையும் கேட்கிற காவலருக்கு, முதலமைச்சர் யார் என்பது அந்த நிமிடத்தில் தேவைப்படாத தகவல். உங்கள் மகள் சேரப்போகும் படிநிலையும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே அரசியல் காற்று அடிப்பதில்லை.

சார் பயப்பட வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவற்றுக்கு அவர் பயப்படவே இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

இந்த வேலையில் இந்தியா முழுவதும் எங்கே வேண்டுமானாலும் அனுப்புவார்கள். லடாக் எல்லையோ மணிப்பூரோ கிடைத்தால் அது தண்டனை ஆகாது, அதுதான் வேலை. மாப்பிள்ளை பார்க்கும்போது, பெண் என்ன வேலை செய்கிறாள் என்று சம்பந்தி வீட்டார் கேட்டால், "மத்திய அரசு, உள்துறை அமைச்சகம்" என்பதோடு நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். 1985இல் வந்த தனிச் சட்டப்படி உளவு அமைப்புகளில் இருப்பவர்கள் தொழிற்சங்கத்தில் சேர முடியாது, பத்திரிகைகளிடம் பேச முடியாது. ஓய்வுபெற்ற பிறகும் துறை சார்ந்து எதையாவது எழுதி வெளியிட முன் அனுமதி வாங்க வேண்டும் என்று 2021இல் ஓய்வூதிய விதியைத் திருத்திவிட்டார்கள். நல்ல வேலை செய்தாலும் ஊருக்குத் தெரியாது. பாராட்டு வேண்டும் என்கிற பிள்ளைகள் இங்கே வாடிப்போவார்கள். உங்கள் மகள் எப்படிப்பட்டவள் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

வேலைப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு, விசாரணை இல்லாமல் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்கிறது. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி விசாரணையைத் தவிர்க்க அதே பிரிவில் விதிவிலக்கும் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அரசு மாறியது என்பதற்காகக் கீழ்நிலை அதிகாரி வீட்டுக்கு அனுப்பப்படுவது இந்த நாட்டில் வழக்கம் இல்லை. மேலே ஏற ஏற நாற்காலி ஆடும். அது ஆடத் தொடங்கும் உயரத்துக்குப் போகவே அவளுக்கு இருபத்தைந்து முப்பது வருடம் ஆகும்.

பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பயிற்சி மையங்கள் குழப்புகின்றன. உளவுத்துறையில் உதவி மத்திய உளவு அலுவலர், இரண்டாம் நிலை, நிர்வாகப் பிரிவு என்ற பணிக்குப் பட்டம் போதும். வயது 18 முதல் 27, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஊதியம் ஏழாம் நிலை, அடிப்படை 44,900 ரூபாயில் தொடங்கும். சிறப்புப் பாதுகாப்புப் படியாக அடிப்படையில் 20 சதவீதம் கூடுதலாக வரும். முதல் கட்டம் ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. இரண்டாவது கட்டம் விவரித்து எழுதும் தாள், பிறகு நேர்முகத் தேர்வு. அறிவிப்பு உள்துறை அமைச்சக இணையதளத்தில் வரும். ராவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி வாட்ஸ்ஆப்பில் பணம் கேட்கிற எவரையும் நம்பாதீர்கள். அப்படி விளம்பரம் செய்து விண்ணப்பம் வாங்குவது அந்த அமைப்பின் பழக்கம் இல்லை.

அந்தப் பணியில் சேர்ந்தால் படிப்படியாகப் பதவி உயர்வு உண்டு, மரியாதையான வேலைதான். ஆனால் இயக்குநர் நாற்காலி ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே தலைமை வேண்டும் என்றால் குடிமைப் பணித் தேர்வு. வேலை வேண்டும் என்றால் உளவு அலுவலர் தேர்வு. முதலாவதுக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 32, ஆறு முயற்சிகள். இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம், பொது அறிவுப் பகுதி பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று இருக்கிறது: நம் பிள்ளைகளுக்கு எழுத வராது. கொள்குறி வினாவில் 80 எடுக்கிறவர்கள், ஒரு பக்கம் எழுதச் சொன்னால் திணறுகிறார்கள்.

இந்த வாரம் அவளுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். கடலோரத்தில் அந்நியப் படகு ஒன்று ஒதுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளட்டும். மேலதிகாரிக்கு 200 வார்த்தையில் அறிக்கை எழுதட்டும்: நேரில் பார்த்தது எது, மற்றவர்கள் சொன்னது எது, தன் ஊகம் எது என்று பிரித்துக்காட்ட வேண்டும். எழுதி முடித்ததும், படிக்கப்போகும் அமைச்சர் அவளுக்குப் பிடிக்காத கட்சிக்காரர் என்று நினைத்துக்கொண்டு திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு வார்த்தையையாவது மாற்றத் தோன்றினால், முதலில் எழுதும்போதே எங்கோ சாய்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்த இடத்தைக் கோடிட்டுக் கொண்டுவரட்டும். நீங்கள் தமிழாசிரியை, உங்களுக்கு அது உடனே கண்ணில் படும். நெருக்கடி நிலைக்குப் பிறகு ராவின் மேல் விழுந்த சந்தேகமும் இப்படி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்பதுதான் என்று அப்போது அவளிடம் சொல்லலாம்.

சமூக ஊடகத்தில் கட்சிச் சண்டைகளில் அவள் எழுதியது ஏதாவது இருந்தால் நிறுத்திக்கொள்வது நல்லது. நடத்தை விதிகள் அரசு ஊழியருக்கு அரசியல் சார்பைத் தடை செய்கின்றன. வேலையில் சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்கிறேன் என்பது நடக்காத காரியம்.

வருகிற சனிக்கிழமை அவளை அழைத்து வாருங்கள், சாரும் வந்தால் நல்லது. வரும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பட்டச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வாருங்கள். நம் ஊரில் ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். காலாப்பட்டு விடுதியில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை தங்கினாள் என்பதையும் எழுதி வரட்டும். பணி நியமனத்துக்கு முன் நிரப்பும் படிவத்தில், முன்பு தங்கியிருந்த முகவரிகளைக் கேட்பார்கள், காவல்துறை சரிபார்ப்பு அந்தந்தக் காவல் நிலையத்துக்குப் போகும். பெயர்த் திருத்தத்துக்கு அரசிதழில் அறிவிப்பு தர வேண்டியிருந்தால், தேர்வு அறிவிப்பு வருவதற்கு முன்பே அதை முடித்துவிடலாம்.