நாற்பது புல்லே, இரண்டு பூனை, சிதறிய மணிகள்

கடிதம்

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 51 வயது. சுவீடனில் உப்சாலாவில் இருக்கிறோம். முதியோர் பராமரிப்பில் வேலை. காலை ஏழுக்குப் போனால் பின்னேரம் நாலுக்கு வீட்டில் நிற்பேன். எங்களுக்கு ஒரே மகள். ஓகஸ்ட் கடைசியில் லுண்டுக்குப் படிக்கப் போய்விட்டாள். தான் ஆசைப்பட்டு எடுத்த இரண்டு பூனைக்குட்டிகளையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். ஒரே சூல், ஒரு கடுவன், ஒரு பெட்டை. இப்போது பத்து மாதம்.

ஞாயிற்றுக்கிழமை கனேல்புல்லே, அதாவது கறுவாச் சுருள் பணிஸ், சுடுவது எங்கள் வீட்டில் பத்து வருடப் பழக்கம். 50 கிராம் ஈஸ்ட் கட்டி ஒன்று, ஐந்து டெசிலீற்றர் பால், நாற்பது புல்லே. முந்தி மகளும் அவளுடைய சிநேகிதிகளும் புதன்கிழமைக்குள் முடித்துவிடுவார்கள். இப்போதும் அதே கணக்கில்தான் சுடுகிறேன். ஃபிரீஸரில் இடமில்லை. போதாக்குறைக்கு, கொஞ்ச நாளாக எல்லாம் காய்ந்து கல் மாதிரி வருகிறது. கைப்பழக்கமான வேலைகூட இப்போது எனக்குச் சரிவருவதில்லை.

பின்னேரங்களில் மணி கோர்க்கிறேன். மகள் சின்ன வயதில் பிளாஸ்டிக் குழாய் மணிகளை முள்ளுத்தட்டில் அடுக்கி இஸ்திரிக்கையால் உருக்கி ஒட்டுவாள். அந்தப் பெட்டியை ஒதுக்கப் போன இடத்தில் எனக்கு ஆசை வந்தது. இப்போது 11/0 என்ற அளவிலுள்ள மிகச் சின்னக் கண்ணாடி மணியில் கைப்பட்டி பின்னுகிறேன். ஏழு மணிக்கு மேசையில் இருந்தால் போதும், இரண்டும் வந்துவிடும். ஒன்று நூலைப் பிடிக்கும், மற்றது தட்டுக்குள் பாயும். போன செவ்வாய் தட்டு முழுதும் கவிழ்ந்து நாலு நிறமும் நிலமெங்கும் பரவிவிட்டது. நான் கத்தினேன். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி எறிந்தேன். படவில்லை. பெட்டை கட்டிலுக்குக் கீழே போனது, அடுத்த நாள் காலைவரை வெளியே வரவில்லை. நான் நிலத்திலேயே இருந்து அழுதேன். ஒரு பிடி மணிக்காக அழுகிற ஆள் இல்லை நான்.

இவர் சொல்வது ஒன்றுதான்: “ஒண்டில் பூனையைக் குடு, இல்லாட்டி மணியை விடு.” மகள் ஒவ்வொரு நாளும் வீடியோவில் வருவாள். வந்தவுடன், “அம்மா, பூனையள் எப்பிடி இருக்குதுகள்?” என்றுதான் கேட்பாள். செருப்பு விஷயத்தை அவளுக்குச் சொல்லவில்லை.

எனக்கு என்ன நடக்கிறது? பூனைகளைக் கொடுத்துவிடத்தான் வேண்டுமா?

இப்படிக்கு,
ஒரு தாய்

பதில்

அன்புள்ள சகோதரி,

பூனைகளின் குழப்படிக்கு நீங்கள் ஒரு பந்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். மகள் கேட்கும் கேள்விக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியில்தான் என் கண் நின்றது. நாள் முழுக்கப் பிறருடைய தாய் தகப்பனைப் பார்த்துவிட்டு வருகிற உங்களிடம், உங்கள் பிள்ளை முதலில் விசாரிப்பது பூனையை. அது சுட்டிருக்கிறது. சுட்டதென்று சொல்ல உங்களுக்கு வெட்கம். அந்தப் பூனைகளே அன்றைக்கு மணித்தட்டையும் கவிழ்த்தபோது செருப்பு பறந்தது. மணிக்கு அழுகிற ஆள் நீங்கள் இல்லை என்பது சரிதான். நீங்கள் மணிக்கு அழவில்லை.

மகளின் பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கள். வீட்டைவிட்டுப் போன பிள்ளைக்கு “அம்மா, எப்பிடி இருக்கிறீங்கள்?” என்பது பாரமான கேள்வி. “தனிமையாய் இருக்கு” என்று பதில் வந்தால் அவள் என்ன செய்வாள்? பூனையைக் கேட்டால் சிரிப்போடு கதை தொடங்கும், வீட்டையும் ஒரு சுற்றுப் பார்க்கலாம். அவளுக்கு வீட்டு நினைப்பு வருகிற வழி அதுவாக இருக்கலாம். ஆனால் இதை நீங்களே ஊகித்துக்கொண்டு இருக்க வேண்டாம், அவளிடம் சொல்லுங்கள். குற்றச்சாட்டாக வேண்டாம், “பூனையளைப் பற்றிச் சொல்லுறன், அதுக்கு முதல் என்னைப் பற்றி ரெண்டு நிமிஷம் கேள்” என்றால் போதும். செருப்புக் கதையையும் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்திருக்கும்வரை ஒவ்வொரு அழைப்பிலும் அது உங்களை அரிக்கும்.

பூனையைக் கொடுக்கவும் வேண்டாம், மணியை விடவும் வேண்டாம். மாற்ற வேண்டியவை உங்கள் வீட்டின் நேரமும் அளவும்.

முதலில் நேரம். பூனைக்கு விடிகிற பொழுதும் மைமல் பொழுதும்தான் வேட்டை நேரம். நீங்கள் வேலைக்குப் போன நேரமெல்லாம் அவை தூங்குகின்றன. உப்சாலாவில் நவம்பரில் மூன்று மணியோடு இருட்டத் தொடங்கிவிடும். நீங்கள் நாலுக்கு வந்து சமையலை முடித்து, ஏழுக்கு மெல்லிய நூலொன்றை ஆட்டிக்கொண்டு மேசையில் இருக்கிறீர்கள். நாள் முழுக்கத் தூங்கி எழுந்த பத்து மாதக் குட்டிக்கு அதைவிட நல்ல எலி எங்கே கிடைக்கும்?

ஆகவே ஆறரைக்கு விளையாட்டு. தூண்டில் போன்ற பூனைத் தடி இரண்டு வாங்குங்கள், ஆளுக்கொன்று. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். இறகைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டக் கூடாது, எந்த இரையும் பூனையிடம் தானாக வராது. விலகி ஓடச் செய்யுங்கள், கதிரைக் காலுக்குப் பின்னால் மறையுங்கள், கொஞ்சம் அசையாமல் வையுங்கள், பாய விடுங்கள், பிடிக்கவும் விடுங்கள். பிடித்த இரை வாயில் அகப்படாததால்தான் லேசர் வெளிச்சம் சில பூனைகளை மேலும் எரிச்சலாக்குகிறது. கடைசிப் பிடியோடு இராச்சாப்பாட்டை வையுங்கள். வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கித் துடைத்தல், தூக்கம் என்பது அவற்றின் ஒழுங்கு. தூக்கம் தொடங்கியபின் நீங்கள் ஊசியை எடுக்கலாம். ஒரே நாளில் பலிக்காது. இரண்டு மூன்று கிழமை அதே நேரத்தில் செய்ய வேண்டும்.

மேசைக்குப் பக்கத்தில், மேசை உயரத்திலேயே, ஒரு முக்காலியில் பழைய கம்பளித்துணி போட்டு வையுங்கள். அவை தட்டைத் தேடி வருவதில் பாதி, உங்களுக்குப் பக்கத்தில் உயரமாக இருக்கும் ஆசை. கத்தினால் அவற்றுக்கு விளங்குவது, ‘மேசையில் பாய்ந்தால் இவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்’ என்பதுதான். செருப்பால் விளங்குவது அதைவிட மோசம்: தப்பை விட்டுவிட்டு உங்களைக் கண்டுதான் பயப்படும். பெட்டை இன்னும் ஒதுங்கினால் தேடிப்போய்த் தூக்க வேண்டாம். நிலத்தில் பக்கவாட்டாக இருந்து, கண்ணை மெல்ல மூடித் திறந்து, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துண்டு மீனை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

இனி நூல். உங்கள் வீட்டில் உண்மையான ஆபத்து இதுதான். பூனை நாக்கின் முட்கள் உள்ளே பார்த்துச் சரிந்தவை. நூல் நாக்கில் மாட்டினால் அதற்குத் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கடியிலோ வயிற்றிலோ சிக்கிக்கொண்டால் குடல் நூலில் சுருங்கிச் சுருங்கி ஏறும், அறுக்கவும் அறுக்கும். ஒரு 11/0 மணி விழுங்குப்பட்டால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். நூலும் ஊசியும் அப்படியல்ல. எனவே தட்டு கவிழ்ந்தால் ஒழுங்கு இது: முதலில் ஊசி, பிறகு நூல், மணிகள் கடைசியில். பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது, வெட்டவும் வேண்டாம். நேரே மிருக வைத்தியரிடம். வாந்தி, சாப்பாடு மறுத்தல், சோர்ந்து ஒளிதல் என்றாலும் அப்படியே. வெட்டிய நூல் துண்டுகள் திறந்த குப்பைக் கூடைக்குள் போகாமல், மூடி போட்ட சாடிக்குள் போகட்டும். ஊசி நிற்கும் இடம் மூடியுள்ள தகரப் பெட்டி.

சிதறிய மணியைக் கையால் பொறுக்கி முதுகை நோகடிக்காதீர்கள். வக்யூம் குழாயின் வாயில் ஒரு நைலோன் காலுறையைப் போட்டு, ரப்பர் பட்டியால் இறுக்கிக்கொண்டு உறிஞ்சினால் மணியெல்லாம் காலுறையில் ஒட்டிக்கொண்டு வரும். கிண்ணத்துக்கு மேல் வைத்து நிறுத்தினால் கொட்டும். வட்ட 11/0 மணி ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 110 இருக்கும். நிறத்துக்கு இரண்டு கிராம் மட்டும் எடுத்து வைத்தால், நாலு நிறமும் கவிழ்ந்தாலும் தொள்ளாயிரத்துக்குள்தான். மற்றவை குப்பியில் மூடியோடு இருக்கட்டும். வழுக்கும் தட்டுக்குப் பதிலாகப் பூந்துவாலை போன்ற மணி விரிப்பு போட்டால் உருளாது. கலந்த நிறங்களைப் பிரிக்க இருக்காதீர்கள், கலந்தபடியே ஒரு பட்டி பின்னலாம்.

அடுத்தது புல்லே. கல்லாக வருவதற்குக் காரணம் உங்கள் கையின் கெட்டித்தனம் குறைந்ததல்ல. நாற்பது புல்லேக் கணக்குக்கு 14 டெசிலீற்றர் மா. டெசிலீற்றருக்கு 60 கிராம், மொத்தம் 840. அளவுக் கோப்பையை மாப்பைக்குள் குத்தி அள்ளினால் ஒன்றில் 70 கிராம் நிற்கும். அங்கேயே 140 கிராம் கூடிவிட்டது. பூனையை விரட்டி விரட்டிப் பிசையும்போது, மா கையில் ஒட்டுகிறதென்று இன்னும் இரண்டு பிடி தூவியிருப்பீர்கள். தராசில் நிறுங்கள். பிசைந்த மா பாத்திரத்தின் கரையை விட வேண்டும், கையில் கொஞ்சம் ஒட்டத்தான் வேண்டும்.

அளவைப் பாதியாக்குங்கள். 420 கிராம் மா (20 கிராமைக் கடைசிக்கு ஒதுக்கி), இரண்டரை டெசிலீற்றர் பால், 75 கிராம் மெதுவான பட்டர், 65 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைகுறையாய் இடித்த ஏலக்காய் ஒன்றரைத் தேக்கரண்டி. ஈஸ்ட் 25 கிராம் என்றால் பால் 37 பாகையில், விரல் சூட்டில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது வேறு முறை: 10 கிராம் ஈஸ்ட், குளிர்ந்த பால், சனி இரவு பூனைகள் தூங்கியபின் பிசைந்து, மூடி, பிரிட்ஜில். காலையில் எடுத்து விரித்து, 60 கிராம் மெதுவான பட்டர், 50 கிராம் சீனி, ஒரு மேசைக்கரண்டி கறுவாத்தூள் பூசிச் சுருட்டலாம். பட்டரை உருக்கி ஊற்றினால் தட்டில் வழிந்து கருகும். வெட்டியபின் உப்பியெழ, குளிர் மா என்பதால் ஒரு மணி நேரமாவது விடுங்கள். முட்டை பூசி, முத்துச்சீனி (சின்ன வெள்ளைச் சீனிக் கட்டிகள்) தூவி, 225 பாகையில் எட்டுமுதல் பத்து நிமிடம். சூட்டைக் குறைத்து நெடுநேரம் வைத்தாலும் காயும். எடுத்தவுடன் துணியால் மூடி ஆறவிடுங்கள்.

பிரிட்ஜ் முறையைச் சொல்ல வேறொரு காரணமும் உண்டு. சூடான மாப்பாத்திரமும் துணியும் பூனைக்குப் படுக்கை. பச்சை ஈஸ்ட் மாவை அது தின்றால் வயிற்றுச் சூட்டில் மா ஊதும், கூடவே மதுசாரமும் ஊறும், உயிருக்கே ஆபத்து. உப்ப வைத்த தட்டை அணைத்திருக்கும் அவணுக்குள் வைத்துக் கதவை மூடுங்கள். அப்படியே மறந்து அவணைப் போடாமலிருக்கக் குமிழில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். புல்லே எழும் நாளில் மணித்தட்டை வெளியே எடுக்க வேண்டாம். சுவீடிஷ் மொழியில் மணிக்கும் முத்துக்கும் ஒரே பெயர்தான். வெள்ளை மணியும் முத்துச்சீனியும் ஒரே மேசையில் கிடந்தால் பல்லுக்கு நல்லதல்ல.

இருபது புல்லே வரும். நாலு உங்கள் இருவருக்கும், பத்து திங்கட்கிழமை வேலைத்தல ஃபீகாவுக்கு, அதாவது கோப்பி இடைவேளைக்கு, ஆறு ஃபிரீஸருக்கு. அந்த ஆறும் மகள் வரும்போது. நாற்பது சுட்டது, அவள் இன்னும் வீட்டில் இருக்கிறாள் என்ற கணக்கு. அந்த எண்ணைக் குறைப்பது கஷ்டமாக இருக்கும். முதல் ஞாயிறு மாவை நிறுக்கும்போதே கண் கலங்கலாம், கலங்கட்டும்.

டிசம்பர் 13 லூசியாத் திருநாளுக்கு மகள் வருவாளென்றால் லுஸ்ஸேகட், அதாவது குங்குமப்பூச் சுருள் பணிஸ், செய்ய வேண்டும். பேரிலேயே பூனை இருக்கிறது, சுவீடிஷில் ‘கட்’ என்றால் பூனை. இந்தப் பாதியளவுக்கு அரைக் கிராம் குங்குமப்பூப் பொட்டலம் ஒன்று போதும். ஒரு சிட்டிகை சீனியோடு இடித்து இளஞ்சூட்டுப் பாலில் ஊறவையுங்கள். மா காயாமலிருக்க 125 கிராம் கெசெல்லா (தயிர் போன்ற மென்மையான பாற்கட்டி) சேர்த்து, பாலைக் கொஞ்சம் குறையுங்கள். சுருளுக்குள் வைக்கும் முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) பூனைகளுக்கு எட்டக் கூடாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு கிழமைக்கு மேலாக நாளில் பெரும்பகுதி மனம் கனத்து, தூக்கம் கெட்டு, மணியும் மாவும்கூட வேண்டாம் என்று தோன்றினால், இது பூனைக் கணக்கில் தீராது. மருத்துவ ஆலோசனைத் தொலைபேசியான 1177க்கு எடுத்துக் கேளுங்கள், அல்லது உங்கள் சுகாதார நிலையத்தில் நேரம் எடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நேரம் எடுக்கும்போதே சொல்லுங்கள். வெளிச்சம் குறைந்த இந்த மாதங்களில் பலருக்கு இது வருவதுதான். மதிய இடைவேளையில் கால் மணி நேரம் வெளியே நடங்கள். நீங்கள் வீடு திரும்பும்போது வெளிச்சம் போய்விடுகிறது.

கணவரிடம் ‘பூனையா, மணியா’ என்ற வழக்கை நடத்த வேண்டாம். ஆறரைக்குத் தடியை அவர் கையில் கொடுங்கள். திங்கள், புதன், வெள்ளி அவர் முறை. முதல் நாள் இறகைப் பூனையின் மூக்குக்கு நேரேதான் ஆட்டுவார். கதிரைக் காலைக் காட்டிக்கொடுங்கள்.