நார்வே ஃபியோர்டுகளைப் பார்க்கக் கார் எடுப்பது நல்லதா, ரயிலில் போவதா?

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரம் இவ்வளவு: ஜூன் இரண்டாவது வாரம், ஏழு நாள். ஓஸ்லோவில் இறங்கி, பெர்கனில் திரும்ப விமானம் ஏறுகிறார்கள். கணவன், மனைவி, எழுபதை ஒட்டிய அப்பா அம்மா. கார் ஓட்டுவது அவர் ஒருவர்தான், அதுவும் இதுவரை இந்தியாவில் மட்டும். நார்வே முதல் தடவை.

என் பதில்: ஓஸ்லோவிலிருந்து பெர்கன் வரை ரயிலும் படகும். பெர்கன் போன பிறகு, கடைசி இரண்டு நாளுக்கு மட்டும் வாடகைக் கார். ஓஸ்லோவில் சில வருடம் வேலை பார்த்தவன், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை இரண்டு வழியிலும் கூட்டிப் போனவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். "ரயிலில் ஃபியோர்டு பார்க்கலாம்" என்று எல்லா விளம்பரமும் சொல்லும். உண்மையில் ரயில் பெரும்பாலும் ஃபியோர்டு பக்கமே வருவதில்லை. பனியாறுகள் அரித்துக் குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து நிற்பதுதான் ஃபியோர்டு. சோக்னேஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் வருகிறது, ஆழம் 1,300 மீட்டர். இரண்டு கரையிலும் பாறை அப்படியே செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தக் கரையில் தண்டவாளம் போட இடம் ஏது? அதனால் ஓஸ்லோ–பெர்கன் ரயில் மலை உச்சி வழியாகப் போகிறது. உப்புத் தண்ணீரை ஜன்னலோரத்தில் பார்ப்பது வோஸ் என்ற ஊரைத் தாண்டிக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான்.

காரில் போனால் மட்டும் என்ன? பெர்கனையும் ஓஸ்லோவையும் இணைக்கும் இ16 சாலையில், குட்வாங்கன் என்ற ஃபியோர்டு ஓர ஊரிலிருந்து இன்னொரு கரை ஊரான ஃப்ளோம் போக 11 கிலோமீட்டர் சுரங்கம், அடுத்து இன்னொன்று. அவுர்லாண்ட் தாண்டினால் லார்டால் சுரங்கம், 24.5 கிலோமீட்டர், உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம். 2000இல் திறந்தது. ஓட்டுபவருக்குத் தூக்கம் வராமல் இருக்க உள்ளே நீல விளக்கு போட்ட பெரிய குகை போன்ற இடங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்காக யாரும் நார்வே வருவதில்லை. யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும், சோக்னேஃபியோர்டின் கிளையான நேரோய்ஃபியோர்டை, காரில் போகிறவர் பாறைக்குள்ளேயே கடந்து போய்விடுவார்.

ஆக, ரயிலில் பார்ப்பது மலை. ஃபியோர்டைப் பார்ப்பது படகில். கார் எதற்கு என்றால், ரயிலும் பெரிய படகும் போகாத ஊர்களுக்கு, நினைத்த இடத்தில் நிறுத்துவதற்கு. இப்படிப் பிரித்துக்கொண்டால் முடிவெடுப்பது சுலபம்.

ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். பெர்கன் பாதை 1909இல் திறந்தது. ஓஸ்லோவிலிருந்து பெர்கன் வரை ஏறக்குறைய ஏழு மணி நேரம். முதல் இரண்டு மணி நேரம் காடு, வயல், ஏரி. அழகுதான், ஆனால் அப்பா தூங்கினால் எழுப்ப வேண்டாம். கெய்லோ என்ற ஊர் தாண்டியதும் எழுப்பிவிடுங்கள். மரங்கள் குட்டையாகி, பிறகு மரமே இல்லாமல் போய்விடும். அதுதான் ஹர்டாங்கர் பீடபூமியின் ஓரம். ஃபின்சே ஸ்டேஷன் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நார்வே ரயில்வேயிலேயே உயரமான நிலையம். அந்த ஊருக்குக் கார் போகச் சாலை கிடையாது, ரயில்தான். ஜூன் மாதத்தில்கூட ஏரியில் பனிக்கட்டி மிதக்கும், எதிரே ஹர்டாங்கர்யோக்குலன் பனிப்பாறை தெரியும். இந்த ஒரு மணி நேரத்தை எந்தக் கார் சாலையிலும் அப்படியே பார்க்க முடியாது. எனக்கு இந்தப் பயணம் முழுவதிலும் பிடித்த பகுதி இதுதான், அடுத்துச் சொல்லப்போகும் ஃப்ளோம் ரயிலைவிட.

ஓஸ்லோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் மிர்டால் வந்துவிடும். அங்கே இறங்கி, அதே ஸ்டேஷனில் நிற்கும் ஃப்ளோம் ரயிலுக்கு மாற வேண்டும். 866 மீட்டர் உயரம், எனவே பெற்றோருக்கு ஸ்வெட்டரைக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். இங்கிருந்து கடல் மட்டம் வரை 20 கிலோமீட்டரில் இறங்குகிறது, செங்குத்தான இடங்களில் 18 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு. பல்சக்கரம் கிடையாது, சாதாரணத் தண்டவாளம்தான். வழியில் 20 சுரங்கங்கள், அதில் 18 கையால் வெட்டியவை. 1920களில் ஆரம்பித்த வேலை, 1940இல்தான் ரயில் ஓடியது. க்யோஸ்ஃபோசன் அருவியில் சில நிமிடம் நிறுத்துவார்கள். கோடையில் பாறை மேல் சிவப்பு உடையில் ஒரு பெண் தோன்றி ஆடுவார், ஒலிபெருக்கியில் பாட்டு. ஹுல்ட்ரா என்ற காட்டு மோகினியாம். எனக்கு அது கொஞ்சம் ஓவர். ஆனால் கூட வந்த அத்தைகள் எல்லோருக்கும் அதுதான் பிடித்தது, அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஃப்ளோமில் ஒரு தவறான வழக்கம் இருக்கிறது: எல்லோரும் காலையில் வந்து, மதியம் படகு பிடித்து, அன்றே பெர்கன் போய்விடுகிறார்கள். ஓஸ்லோ–ஃப்ளோம்–குட்வாங்கன்–வோஸ்–பெர்கன் என்று ஒரே நாளில் முடிக்கும் பயணம் பிரபலம், தொகுப்பாகவும் விற்கிறார்கள். வழிகாட்டி யாரும் வர மாட்டார், ரயில், படகு, பேருந்து டிக்கெட்டுகளைச் சேர்த்துத் தருவதுதான். தனித்தனியாக நீங்களே வாங்கலாம். ஒரே நாளில் முடித்தால் பெற்றோருக்கு அது பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலான அலைச்சல். அதைவிட, ஃப்ளோமிலோ பக்கத்து ஊர் அவுர்லாண்டிலோ இரண்டு இரவு தங்குங்கள். பகலில் ஃப்ளோம் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் நின்றால் திருவிழாக் கூட்டம். மாலை கப்பல் கிளம்பியதும் ஊரே அமைதியாகிவிடும். ஜூனில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், சாப்பிட்டுவிட்டு ஃபியோர்டு ஓரமாக நடக்கலாம்.

நடுவில் கிடைக்கும் நாளில் ஸ்டெகஸ்டைன் போய்விட்டு வாருங்கள். 650 மீட்டர் உயரத்தில், மலையிலிருந்து 30 மீட்டர் வெளியே நீட்டிக் கட்டிய மேடை. ஃப்ளோமிலிருந்தே சுற்றுலாப் பேருந்து போகிறது. அந்தக் குறுகிய சாலையில் எதிரே பேருந்து வரும்போது வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் வேலையைச் சுற்றுலாப் பேருந்து ஓட்டுநரிடமே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

மறுநாள் படகு. ஃப்ளோமிலிருந்து குட்வாங்கன் வரை இரண்டு மணி நேரம். இப்போது ஓடும் புதிய படகுகள் மின்சாரத்தில் ஓடுபவை, அதனால் இரைச்சல் இல்லை, புகை நாற்றம் இல்லை. தளங்கள் வளைந்து வளைந்து சரிவாக மேலே ஏறுகின்றன, முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சிரமம் இருக்காது. நேரோய்ஃபியோர்டின் குறுகலான இடத்தில் அகலம் 250 மீட்டர்தான், இரண்டு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் மலை. நீங்கள் இவ்வளவு செலவு செய்து பார்க்க வந்தது இதைத்தான். இதைப் பார்க்கும்போது குடும்பத்தில் ஒருவர் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது. குட்வாங்கனிலிருந்து பேருந்தில் வோஸ், அங்கிருந்து ரயிலில் பெர்கன்.

சரி, கார் விஷயத்துக்கு வருவோம். கொல்லிமலையின் எழுபது வளைவுகளை ஓட்டிப் பழகியவருக்கு நார்வேயின் கொண்டை ஊசி வளைவுகள் பெரிய விஷயமில்லை. சிக்கல், சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது. ஸ்டீயரிங் இடப்பக்கம் வந்துவிடுவதால், காரின் வலது ஓரம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபட நேரமாகும். நம் ஆட்கள் தங்களை அறியாமலே வலப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டுவார்கள். ஃபியோர்டு சாலையில் அந்த வலப்பக்கம் பாறைச் சுவர், இல்லையென்றால் தடுப்புக் கம்பி. பல இடங்களில் சாலையே ஒரு வண்டி போகும் அகலம்தான். நீலப் பலகையில் எம் என்று போட்டிருந்தால் ஒதுங்கி வழிவிடும் இடம். அங்கே காத்திருக்க வேண்டும், தேவைப்பட்டால் பின்னால் எடுத்து அங்கே போக வேண்டும். கோடையில் எதிரே வருவதில் பாதி வீடு போன்ற கேரவன் வண்டிகள். போதாததற்குச் செம்மறியாடுகள் சாலை நடுவே படுத்திருக்கும், அவற்றுக்கு அவசரம் கிடையாது.

ஓஸ்லோவிலேயே கார் எடுத்து பெர்கனில் விட்டால், வேறு ஊரில் விடுவதற்கென்று தனிக் கட்டணம் போடுவார்கள். பல சமயம் அது வாடகை அளவுக்கு வந்துவிடும். முன்பதிவுப் பக்கத்தில் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும், பார்த்து உறுதி செய்யுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கி வாருங்கள், ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு கேட்பார்கள். சுங்கச்சாவடியில் நிறுத்த வேண்டாம், கேமரா எண் பலகையைப் படம் பிடித்து வாடகை நிறுவனம் வழியாகப் பிறகு பணம் எடுத்துக்கொள்ளும். கார் ஏற்றும் ஃபெர்ரியிலும் பெரும்பாலும் அப்படித்தான். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஊருக்கு வெளியே வேகம் பொதுவாக 80, மீறினால் அபராதம் பயணச் செலவையே மாற்றிவிடும். மது விஷயத்தில் ஒரு பீர்கூட ஆகாது. வாடகைக்கு மின்சாரக் கார் தருவது இப்போது சாதாரணம், நார்வேயில் விற்கும் புதுக் கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதுதான். பயப்பட வேண்டாம், மலை இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகும் கவலை இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் பெர்கனில் கார் எடுக்கச் சொல்கிறேன்? ஹர்டாங்கர் ஃபியோர்டுக்காக. நூர்ஹைம்சுண்ட் பக்கத்தில் ஸ்டைன்ஸ்டால்ஸ்ஃபோசன் அருவி, விழும் தண்ணீருக்குப் பின்னால் நடந்து போகலாம். அங்கிருந்து ஃபியோர்டை ஒட்டியே, ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே சாலை போகிறது. 2013இல் திறந்த ஹர்டாங்கர் பாலத்தின் நடு இடைவெளி 1,310 மீட்டர், சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட்டைவிடக் கொஞ்சம் அதிகம். பாலத்தின் இரண்டு முனையும் மலைக்குள் நுழைகின்றன, ரவுண்டானாவே சுரங்கத்துக்குள் இருக்கிறது. முதல் தடவை போகும்போது சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு சுற்று சுற்றத் தோன்றும். பாலம் தாண்டினால் எய்ட்ஃபியோர்டு, மேலே வோரிங்ஸ்ஃபோசன், 182 மீட்டர் அருவி. ஒரு இரவு எங்காவது சமையலறை உள்ள மரவீட்டில் தங்கினால், சாதம் வைத்துச் சாப்பிடலாம். சைவக்காரர்களுக்கு ஃபியோர்டு கிராமங்களில் உணவகச் சாப்பாடு சலித்துவிடும். ஓஸ்லோவில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன, பொடி, ஊறுகாய் எல்லாம் அங்கேயே வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும், அதை மறக்காதீர்கள்.

மழைக்கும் கார் உதவும். பெர்கனில் வருடத்துக்கு 200 நாளுக்கு மேல் மழை. ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும்போது அடுத்ததில் வெயில் அடிக்கும், காரில் இருந்தால் அங்கே போய்விடலாம். ரயில், படகு டிக்கெட் எடுத்தவர் மழையானாலும் அதே நேரத்துக்குத்தான் போக வேண்டும்.

கெய்ராங்கர் ஃபியோர்டைப் பார்க்காமல் வருவதா என்று கேட்பீர்கள். அங்கே ரயில் கிடையாது, அருகிலுள்ள ரயில் நிலையம் ஓண்டால்ஸ்னெஸ். பெர்கனிலிருந்து காரில் போக ஒரு முழுப் பகல் ஆகும், திரும்ப இன்னொரு பகல். ஒரு வாரத்தில், ஒரே ஓட்டுநரை வைத்துக்கொண்டு, நான் போக மாட்டேன். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதாக இருந்து, பத்து நாள் கையில் இருந்தால் என் பதிலே வேறு: ஓலசுண்ட் நகரில் இறங்கிக் காரை எடுத்து, கெய்ராங்கர், ட்ரோல்ஸ்டிகன் மலைச்சாலை பக்கம் சுற்றுங்கள் என்பேன். அதுவும் கோடையில் மட்டும், அந்த மலைச்சாலைகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும். ட்ரோல்ஸ்டிகன் 2024 கோடையிலேயே பாறை விழும் ஆபத்தால் மூடப்பட்டது, எனவே போகும் வாரத்தில் விசாரிக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை நான்கு பேருக்கு முழுவதும் கார் என்றால் கொஞ்சம் மிச்சமாகலாம், குறிப்பாக ஃப்ளோம் ரயில் தூரத்துக்கு மிக அதிக விலை. ஆனால் ஓஸ்லோ–பெர்கன் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு விலையில் கிடைக்கும், 67 வயது தாண்டியவர்களுக்குச் சலுகையும் உண்டு. முதலில் ஃப்ளோமில் தங்குமிடத்தைப் பிடியுங்கள், ஜூனில் அதுதான் தீர்ந்துபோகும். அது கிடைத்த தேதிக்கு ஏற்ப ரயில், படகு, கடைசியாகக் கார். பெர்கனில் இறங்கிய அன்றே காரை எடுக்காதீர்கள், ஊருக்குள் நிறுத்துமிடம் விலை அதிகம். ஹர்டாங்கர் கிளம்பும் காலையில் எடுத்து, திரும்பும்போது விமான நிலையத்தில் விடுங்கள். இன்னொன்று: கோடையில் தண்டவாளப் பராமரிப்பு நடக்கும்போது சில பகுதிகளில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே அது போட்டிருக்கும். உங்கள் தேதியில், கெய்லோவுக்கும் மிர்டாலுக்கும் நடுவே அப்படி இருந்தால் பயணத்தை ஒரு நாள் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளுங்கள்.