பாத்திரத்தின் அடியில் ஓர் ஓவியரின் பெயர்: கேள்வி பதில்

கவனிக்கப்படாமல் போன ஓவியர்களின் படங்களைக் கையால் வனைந்த பாத்திரங்களில் ஏற்றி, விற்ற பணத்தை அறப்பணிக்குக் கொடுக்க விரும்புவோர் கேட்டவை இவை. இந்த வேலையைச் செய்துவருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: யாருடைய படத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் ஓவியர் இறந்த ஆண்டைப் பாருங்கள். அதற்குப் பிறகு இந்தியாவில் 60 ஆண்டுகள், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70 ஆண்டுகள் பதிப்புரிமை நிற்கும். தென் அமெரிக்காவின் சுரினாம் வரை போய்ப் பூச்சிகளை வரைந்த மரியா சிபில்லா மேரியன் 1717இல் இறந்துவிட்டார். அங்கே சிக்கல் இல்லை. ஆனால் அருங்காட்சியகம் தரும் புகைப்படத்துக்குத் தனி நிபந்தனை இருக்கலாம், படித்துவிடுங்கள். உயிரோடிருக்கும் ஓவியர் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பணமும் கொடுங்கள். நல்ல காரியம்தானே என்று இலவசமாகக் கேட்காதீர்கள். உழைப்புக்கேற்ற கூலியைப் பார்க்காதவரிடமே தானம் கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் நீலப் பின்னணியில் எடுத்த பாசிப் படங்களைத் தட்டில் கொண்டுவர ஆசை. அந்த நீலம் சூளையில் நிற்குமா?

பதில்: நிற்காது. 1843 முதல் அவர் வெளியிட்ட படங்கள் சயனோடைப் முறையில் எடுத்தவை: ரசாயனம் பூசிய தாளில் பாசியை வைத்து வெயிலில் காட்டினால், சுற்றியுள்ள இடம் நீலமாகும். அந்த நீலம் இரும்புச் சேர்மமான பிரஷ்ய நீலம். சூளையில் சிதைந்து பழுப்புதான் மிஞ்சும். கோபால்ட் ஆக்சைடு வாங்குங்கள், 1,200 டிகிரி செல்சியஸ் தாண்டினாலும் நீலம் மாறாது.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். வெள்ளைக் களிமண்ணில் தட்டை வனைந்து, நகத்தால் அழுத்தினால் மட்டும் பதியும் அளவுக்குக் காயவிடுவேன். கோபால்ட் கலந்த மண்குழம்பை மேலே பூசி, பளபளப்பு அடங்கியதும் ஊசியால் சுரண்டுவேன். சுரண்டச் சுரண்ட அடியிலிருக்கும் வெள்ளை, பாசியின் இழையாக எழும். அட்கின்ஸின் தாளிலும் பாசி இருந்த இடம்தான் வெள்ளை. முதல் தட்டு சூளையிலிருந்து வந்த அன்று வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

கேள்வி: படம் போட்ட தட்டில் சாப்பிடலாமா?

பதில்: கிளேஸுக்கு (சுட்டதும் கண்ணாடிபோல் ஆகும் மேற்பூச்சு) மேலே ஒட்டி, சுமார் 800 டிகிரியில் சுடும் டெகால் (அச்சிட்ட ஒட்டுப்படம்) என்றால் வெளிப்புறத்தில் மட்டும் ஒட்டுங்கள். உணவு படும் பக்கத்துக்கு ஈயம் இல்லாத கிளேஸ். வினிகரில் ஒரு நாள் ஊறவைத்து நிறம் மங்கினால் அந்தக் கிளேஸ் ஆகாது. மங்காவிட்டாலும் ஆய்வகச் சோதனை இல்லாமல் உணவுப் பாத்திரம் என்று விற்காதீர்கள்.

கேள்வி: ஓவியரின் பெயரைச் சீட்டில் எழுதினால் போதாதா?

பதில்: சீட்டு குப்பைக்குப் போய்விடும். யூடித் லைஸ்டர் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர். அவருடைய ஓர் ஓவியம், அதே காலத்தின் புகழ்பெற்ற டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாகவே விலைபோனது. 1893இல்தான் ஹால்ஸின் போலிக் கையெழுத்துக்கு அடியில் லைஸ்டரின் பெயரெழுத்துகளும் நட்சத்திரமும் இருப்பது தெரிந்தது. அந்தச் சின்னக் குறி இல்லாவிட்டால் படம் அவர் பெயருக்குத் திரும்பியிருக்குமா? ஆகவே பச்சை மண்ணிலேயே பெயரை முத்திரையாக அழுத்துங்கள். அடிப்பாகத்தில் எப்படியும் கிளேஸ் பூச மாட்டோம், எழுத்து அடைபடாது. சுட்டால் மண் பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூடச் சுருங்கும், முத்திரையைச் சற்றுப் பெரிதாகவே வெட்டுங்கள்.

கேள்வி: ‘லாபத்தில் ஒரு பகுதி அறப்பணிக்கு’ என்று அறிவிக்கலாமா?

பதில்: வேண்டாம். எந்தப் பகுதி என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு என்று தொகையாகவே சொல்லுங்கள். மண், சூளைச் செலவு, ஓவியரின் பங்கு, விரிசல் விட்டு வீணாவது எல்லாம் போட்ட பிறகு தாங்கக்கூடிய தொகையாக இருக்கட்டும். அறக்கட்டளையின் பெயரைப் போட அவர்களிடம் அனுமதி வாங்குங்கள். அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, கொடுத்ததற்கான ரசீதைப் பாத்திரம் வாங்கியவர்களுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: எத்தனை ஓவியர்களோடு தொடங்கலாம்?

பதில்: ஒருவர் போதும். அவர் வாழ்க்கையை நீங்கள் நன்றாகப் படித்திருந்தால், தட்டைக் கையில் எடுப்பவர் “யார் இது?” என்று கேட்கும்போது நின்று பதில் சொல்ல முடியும்.