மொரீஷியஸில் முதல் டிசம்பர்: ஓய்வு, விருந்து, பிறகு ஜனவரி

தம்பி, அலுவலகங்கள் நிறைந்த எபேனில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லை, இங்கேயே ஓய்வெடுத்து ஆசை தீரச் சாப்பிட்டுவிட்டு ஜனவரியில் தடுமாறாமல் வேலைக்குத் திரும்ப என்ன வழி என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பணத்தைப் பாருங்கள். இங்கே பலருடைய ஜனவரியைக் கெடுப்பது களைப்பு அல்ல, காலி பர்ஸ்.

ஆண்டிறுதி போனஸ் இங்கே சட்டப்படி வருவது. அந்த ஆண்டில் வாங்கிய சம்பளத்தில் 12-ல் ஒரு பங்கு. அதில் 75 சதவீதம் டிசம்பர் 25-க்கு ஐந்து வேலை நாள் முன்பாவது கையில் வரவேண்டும், மீதி ஆண்டின் கடைசி வேலை நாளுக்குள். ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஏறக்குறைய அரை மாதச் சம்பளம்தான் கிடைக்கும். முழு மாதத்தை நம்பித் தவணையில் டிவி எடுக்காதீர்கள். டிசம்பர் சம்பளத்தையும் பல கம்பெனிகள் கிறிஸ்துமஸுக்கு முன்பே போட்டுவிடும். அடுத்த சம்பளம் ஜனவரி கடைசியில். இடையில் ஐந்து வாரத்துக்கு மேல். சம்பளம் வந்த அன்றே ஜனவரி வாடகையையும் அரிசி, எண்ணெய், பஸ் செலவையும் தனியாக எடுத்து வையுங்கள். மீதியைத் தாராளமாகச் செலவழியுங்கள், அதில் தப்பில்லை.

டிசம்பர் 25, ஜனவரி 1, 2 பொது விடுமுறை. 31 அன்று நள்ளிரவில் தீவு முழுக்கச் சரவெடி. அந்தச் சத்தத்தில் தூக்கம் நடக்காது. எனவே 31 மதியம் நன்றாகத் தூங்கிவிடுங்கள். ரொட்டி, பால், மருந்து எல்லாம் 31 காலைக்குள் வாங்கி வைக்கவும். 1-ஆம் தேதி கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பஸ்ஸும் குறைவு. அன்று 'போனானே' (புத்தாண்டு வாழ்த்து) சொல்ல வீடு வீடாகப் போகிற வழக்கம் உண்டு. போகிற வீட்டில் எல்லாம் கேக், குளிர்பானம், காத்தோ பிமா (மிளகாய் போட்ட பருப்பு வடை) வைப்பார்கள். மறுத்தால் மனம் கோணுவார்கள். கொஞ்சமாக எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வயிறு வையுங்கள். பியர் குடித்தால் வண்டியைத் தொடாதீர்கள், சட்டம் விடுகிற மது அளவு மிகக் குறைவு. உண்மையான ஓய்வு நாள் 2-ஆம் தேதி. அன்று எங்கும் போக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விருந்தில் நிஜமான ஆபத்து மிஞ்சிய பிரியாணிதான். நம் ஊர் மார்கழிக் குளிர் இங்கே இல்லை, இது கோடை. வெந்த சோற்றிலும் சாகாத ஒரு கிருமி உண்டு. சட்டி இரவு முழுக்க அடுப்படியில் இருந்தால் அது பெருகி நஞ்சை விடும், மறுநாள் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் தட்டையான பாத்திரங்களில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். சட்டியோடு வைத்தால் நடுவில் இருக்கும் சோறு ஆற நெடுநேரம் ஆகும்.

கடலுக்குப் போகாமல் இருக்கமாட்டீர்கள். டிசம்பரில் நண்பகல் வெயில் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை இரண்டு நாளில் தோலோடு உரிந்துபோகும். காலை ஒன்பதரைக்குள் குளித்துவிட்டு வாருங்கள், அல்லது மாலை நான்குக்கு மேல் போங்கள். ஃபிளிக்-ஆன்-ஃபிளாக், பெல் மார் மாதிரிப் பவளத்திட்டுக்கு உட்பட்ட கடல் அமைதியானது. ஆனால் திட்டு பிளந்திருக்கும் வாய்களில் நீர் வெளியே இழுக்கும், அந்தப் பக்கம் நீந்த வேண்டாம். தெற்கே கிரி-கிரியில் திட்டே கிடையாது, பார்க்க மட்டும். தண்ணீரில் ரப்பர் செருப்பு கட்டாயம்: கடல் முள்ளெலியும் கல்மீனும் (கல் போலவே தெரியும் நச்சு முள் மீன்) மணலில் கிடக்கும். கல்மீன் குத்தினால் பொறுக்கிற அளவு வெந்நீரில் காலை வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், ஐஸ் வைக்கக் கூடாது.

இது புயல் பருவமும்கூட. மெழுகுவர்த்தி, டார்ச், குடிநீர், சில டின் மீன் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

வேலைக்குத் திரும்புவதற்கு, படுக்கும் நேரத்தோடு சண்டை போடாதீர்கள். எழும் நேரத்தைப் பிடியுங்கள். வேலைக்கு நான்கு நாள் முன்பிருந்து தினம் அரை மணி நேரம் முன்கூட்டி எழுந்து, உடனே வெளியே போய்க் கால் மணி நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். சூரியன் ஐந்தரை மணி அளவிலேயே வந்துவிடும், சாக்குச் சொல்ல முடியாது. பகல் தூக்கம் 20 நிமிடத்துக்கு மேல் போனால் இரவு கெடும். வேலைக்குப் போகிற முதல் நாள் பழைய மின்னஞ்சல் அனைத்தையும் முடிக்க நினைக்காதீர்கள், பதிலுக்குக் காத்திருப்போரின் பட்டியலை எழுதினால் போதும்.

அதன்பின் தைப்பூசம். இங்கே அது பொது விடுமுறை. விருந்தில் ஏறின எடையை இந்தத் தீவின் தமிழர்கள் இறக்குவது ஜிம்மில் அல்ல, கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் இருக்கும் விரதத்தில்தான்: புலால் இல்லை, மது இல்லை. காவடி எடுக்காதவர்களும் இந்த விரதம் இருப்பதுண்டு. ஆனால் விரதத்தோடு காப்பி, சர்க்கரையையும் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாள் தலை வலிக்கலாம். ஜனவரி 5 அளவிலேயே அவற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். காவடி எடுப்பதாக இருந்தால் வெறுங்காலில் சுடும் தாரில் நடக்கவேண்டும், ஆகவே மறுநாளுக்கு விடுப்பை டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்; கால் வீங்கியிருக்கும்.