2026 எஃப்-1: மெல்போர்னுக்கு முன்னாடி உங்க கேள்விகள்

மார்ச் 8-ம் தேதி மெல்போர்ன்ல சீசன் ஆரம்பம். கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு சொன்னதுக்கு வந்து குவிஞ்சிடுச்சு. பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்வி, "யாரு சாம்பியன்?" அதைக் கடைசியில வச்சிருக்கேன். என்னைத் தெரியாதவங்களுக்கு: வாரத்துல ஆறு நாள் ஒரகடம் பக்கம் பார்ட்ஸ் கம்பெனி வேலை, ரேஸ் இருந்தா இருங்காட்டுக்கோட்டை டிராக்ல கொடி பிடிக்கிற மார்ஷல். டிரைவரை விட இன்ஜினைப் பத்திக் கொஞ்சம் அதிகமா பேசுவேன், பொறுத்துக்கோங்க.

அண்ணா, எல்லாமே மாறிடுச்சுன்னு சொல்றாங்க. என்னதான் மாறிச்சு? புரியற மாதிரி சொல்லுங்க. (பெரம்பூர்)

ரெண்டு விஷயம் தம்பி. கார் சின்னதாயிடுச்சு, கரண்ட் பெருசாயிடுச்சு.

கார்ல முதல்ல வர்றேன். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், 3,600 மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தது, இப்போ 3,400. அகலம் 2 மீட்டர்ல இருந்து 1.9 மீட்டர். குறைந்தபட்ச எடை 800 கிலோவுல இருந்து 768. டயரும் ஒல்லி.

இன்ஜின்தான் முக்கியம். அதே 1.6 லிட்டர் வி-6 டர்போதான். ஆனா பெட்ரோல் பக்கம் பவரைக் குறைச்சு சுமார் 400 கிலோவாட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. மோட்டார் பக்கம் 120 கிலோவாட்ல இருந்து 350-க்கு ஏத்திட்டாங்க. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. எரிபொருளும் முழுக்க 'சஸ்டெய்னபிள்' வகை, பூமியில இருந்து எடுத்த கச்சா எண்ணெயில வந்த பழைய பெட்ரோல் கிடையாது.

சிக்கல் எங்கேன்னா, மோட்டார் மூணு மடங்கு இழுக்குது, பேட்டரி அந்த அளவுக்கு வளரல. வீட்டு இன்வெர்ட்டர்ல ஃபேன் மட்டும் ஓடிட்டிருந்த இடத்துல ஏசியைப் போட்டா என்ன ஆகும்? அதேதான். ஒரு நீளமான ஸ்ட்ரெய்ட்ல மொத்தத்தையும் செலவு பண்ணிட்டா அடுத்த ஸ்ட்ரெய்ட்ல கையை விரிக்கணும். அதனால பிரேக் பிடிக்கும்போது சேர்க்கிறது, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முன்னாடியே விடறது, சில இடத்துல இன்ஜினையே ஜெனரேட்டர் மாதிரி ஓட்டி பேட்டரிக்கு ஏத்தறதுன்னு லேப் முழுக்க ஒரே கணக்கு. டிரைவர் கால் தைரியத்தை விட இந்தக் கணக்கைப் போடற சாஃப்ட்வேர்தான் இந்த வருஷம் ஜெயிக்கும்னு நான் நினைக்கிறேன். பழைய ஆளுங்க சிலருக்கு இது பிடிக்கல. எனக்கும் முழுசா பிடிக்கலதான், ஆனா பார்க்க ஆர்வமா இருக்கு.

அப்போ டிஆர்எஸ் போயிடுச்சா? ஓவர்டேக் எப்படி நடக்கும்? (வேளச்சேரி)

போயிடுச்சு. ஸ்ட்ரெய்ட்ல பின் விங்கைத் திறந்து வேகம் எடுக்கற ஏற்பாடுதான் டிஆர்எஸ். இனிமே முன் விங், பின் விங் ரெண்டும் ஸ்ட்ரெய்ட்ல படுத்துக்கும், கார்னர்ல நிமிர்ந்துக்கும். இது எல்லா காருக்கும், எல்லா லேப்லயும். முன்னாடி போற காரைப் பிடிச்சாத்தான் திறக்கும்ங்கற கதை முடிஞ்சது.

ஓவர்டேக்குக்கு வேற ஏற்பாடு. சாதாரணமா 290 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினா மோட்டார் பவர் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே வந்து 345-ல பூஜ்யம் ஆயிடும். ஒரு விநாடிக்குள்ள ஒட்டி வர்ற காருக்கு மட்டும் 337 வரைக்கும் முழு 350 கிலோவாட் கிடைக்கும். ஆக முன்னாடி போறவர் மூச்சு வாங்கற நேரத்துல பின்னாடி இருக்கறவர் பாய்வார். ஆனா அதுக்கு அவர்கிட்ட பேட்டரியில சரக்கு இருக்கணும். முந்தின லேப்பே செலவழிச்சிருந்தா பட்டனை அழுத்தி என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு, ஸ்டார்ட்டை விடாதீங்க. டர்போவைச் சுழல வைக்கற எம்ஜியு-எச்-ன்னு ஒரு மோட்டார் இருந்தது. இந்த வருஷம் அதை எடுத்துட்டாங்க. விளக்கு அணையறதுக்கு முன்னாடி டர்போவை இன்ஜின் வேகத்தாலேயே சுத்த வைக்கணும். ஒருத்தர் தூக்கிட்டுப் போவார், பக்கத்து ஆள் அப்படியே நிப்பார்.

நாரிஸ் மறுபடி அடிப்பாரா சார்? (அண்ணா நகர்)

போன வருஷம் அவர் சாம்பியன் பட்டம் ஜெயிச்சது 423-க்கு 421-ன்னு ரெண்டே பாயின்ட்ல. ரெட் புல் டீமோட வெர்ஸ்டாப்பன் எட்டு ரேஸ் ஜெயிச்சு ரெண்டாவது, நாரிஸ் ஏழு ஜெயிச்சு முதல். டச்சு ரேஸ் முடிஞ்சப்போ வெர்ஸ்டாப்பன், அப்போ முதல்ல இருந்த நாரிஸோட டீம் ஆள் பியாஸ்ட்ரியை விட நூறு பாயின்ட்டுக்கு மேல பின்னாடி. அங்கிருந்து அபுதாபி வரைக்கும் இழுத்துட்டு வந்தார். நாரிஸோட மெக்லாரன் காரு நல்ல காரு, ஆனா லாஸ் வேகாஸ்ல அடிப்பலகை தேய்ஞ்சுபோய் ரெண்டு காரும் தகுதி நீக்கம், கத்தார்ல வேகத்தைக் குறைக்க சேஃப்டி கார் வந்தப்போ டயர் மாத்த பிட்டுக்குக் கூப்பிடாம விட்டதுன்னு தானே கதவைத் திறந்து விட்டாங்க.

இந்த வருஷம் நாரிஸ் சாம்பியனுக்கான 1-ம் நம்பர் போட்டு ஓட்டுவார். பியாஸ்ட்ரி 410-ல முடிச்ச ஆளு, சும்மா இருக்க மாட்டார். மெர்சிடிஸ் இன்ஜின் வாங்கி ஓட்டுற டீம், மெர்சிடிஸையே ரெண்டு வருஷமா அடிச்சிருக்கு. ஆனா ரூல் புதுசா மாறின முதல் வருஷத்துல இன்ஜின் செய்யறவங்களுக்கும் சேஸிஸ் (காரோட உடம்பு) செய்யறவங்களுக்கும் ஒரே கூரை இருக்கிறது பெரிய லாபம். அங்கே மெக்லாரனுக்கு ஒரு படி குறைவுன்னு என் கணிப்பு.

ரெட் புல் காலின்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க? (திருவொற்றியூர், மேக்ஸ் வெறியன்)

யானை படுத்தாலும் குதிரை மட்டம் தம்பி.

டீம் தலைவர் ஹார்னர் போன ஜூலையிலயே போயாச்சு, ஆலோசகர் மார்க்கோவும் கிளம்பிட்டார், கார் வடிவமைக்கிற நியூவி ஏற்கெனவே ஆஸ்டன் மார்ட்டின் டீம்ல. இன்ஜின் கொடுத்துட்டிருந்த ஹோண்டாவும் அங்கேயே போயிடுச்சு. ரெட் புல் முதல் தடவையா சொந்தமா இன்ஜின் செஞ்சிருக்காங்க, ஃபோர்டு கூட சேர்ந்து. இது சாதாரண விஷயம் இல்ல. எங்க கம்பெனியில ஒரு பிராக்கெட்டை மாத்தினாலே ஆறு மாசம் டெஸ்ட் ஓடும், இவங்க ஒரு பவர் யூனிட்டையே (இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்தது) வெறும் தரையில இருந்து கட்டியிருக்காங்க. ஆரம்பத்துல உடையும், புகையும். ஆனா ஸ்டியரிங்ல இருக்கறது வெர்ஸ்டாப்பன். எல்லாரும் பேட்டரியோட மல்லுக்கட்டுற வருஷத்துல, ஓட்டிக்கிட்டே நாலு கணக்குப் போடத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் மதிப்பு. பக்கத்து சீட் ஹஜாருக்கு. போன வருஷம் ஸாண்ட்வோர்ட்ல, அதான் டச்சு ரேஸ்ல, முதல் மூணுக்குள்ள வந்து போடியம் ஏறின பையன், பயந்தவன் இல்ல. அந்த சீட்டு இதுக்கு முன்னாடி பலரை விழுங்கியிருக்குங்கறதையும் சொல்லிடறேன்.

ஹாமில்டனுக்காக ஃபெராரி சட்டை வாங்கினேன். தப்பு பண்ணிட்டேனா? (மயிலாப்பூர்)

சட்டை நல்லா இருக்கும்மா, போட்டுக்கோங்க. போன சீசன்ல ஃபெராரி ஒரு கிராண்ட் பிரி கூட ஜெயிக்கல. ஹாமில்டன் சீனாவுல ஸ்பிரின்ட்ங்கற குட்டி ரேஸ் ஜெயிச்சதோட சரி, ஞாயிற்றுக்கிழமை போடியம் ஒண்ணுகூட இல்ல. அவங்களுக்கு டிரைவர் பட்டம் கடைசியா வந்தது 2007-ல, ரைக்கோனன். ஆனா கூரை ஒண்ணுதான்னு மேல சொன்னேனே, அது ஃபெராரிக்கும் பொருந்தும். இன்ஜினும் அவங்களே, காரும் அவங்களே. அங்கே இன்னொரு டிரைவர் லெக்லேர் பக்கம் நான் நம்பிக்கை வைப்பேன். 41 வயசுல புது கார் பழகுறது ஹாமில்டனுக்குப் பெரிய விஷயம் இல்ல; போன தலைமுறை கார் அவருக்கு ஒத்துவரவே இல்ல, அது ஒழிஞ்சதே நல்லது.

அலோன்சோ? (அம்பத்தூர்)

2015-ல சுசுகாவுல, ஹோண்டாவோட சொந்த மண்ணுலயே, ரேடியோவுல அந்த இன்ஜினை ஜிபி-2 (எஃப்-1-க்குக் கீழ்ப்படி ரேஸ்) இன்ஜின்னு திட்டினவர். இப்போ 44 வயசுல மறுபடி ஹோண்டா இன்ஜின்! விதியோட விளையாட்டைப் பாருங்க. நியூவி வரைஞ்ச கார், ஆஸ்டனுக்கு மட்டுமே ஹோண்டா. ஓடினா சரவெடி. ஆனா இன்ஜினுக்கு ஒரே ஒரு டீம்தான்னா டேட்டா ரெண்டு கார்ல இருந்து மட்டும்தான் வரும். மெர்சிடிஸுக்கு நாலு டீம், எட்டு கார். சீசன் ஆரம்பத்துல இந்த வித்தியாசம் வலிக்கும்.

கேடிலாக், ஆடி பத்திச் சொல்லுங்க. (போரூர்)

11-வது டீம் கேடிலாக். பெரெஸ், போட்டாஸ், ஃபெராரி இன்ஜின். ரெண்டு பேரும் சேர்ந்து 16 ரேஸ் ஜெயிச்சவங்க, ஆனா இந்த வருஷம் கடைசி வரிசையில இருந்தா ஆச்சரியப்படாதீங்க. ஆடி, சாபர் டீமை வாங்கி சொந்த இன்ஜின் போடுது. அவங்க டிரைவர் ஹுல்கன்பெர்க் 239-வது ரேஸ்ல முதல் போடியம் ஏறினதை சில்வர்ஸ்டோன்ல பார்த்திருப்பீங்க. அவருக்காகவாவது நல்லா ஓடட்டும்.

அஜித் சார் ஓட்டறதும் இதேதானா? (எம்.ஜி.ஆர். நகர்)

இல்ல. அவர் ஓட்டறது ஜிடி கார், நீண்ட தூர ரேஸ். ஒரே காரை நாலஞ்சு பேர் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவர் டீம் தன்னோட பிரிவுல மூணாவது வந்தது. 2010-ல அவர் ஃபார்முலா 2-வும் ஓட்டியிருக்கார்ங்கறது இப்போ பலருக்கு மறந்துபோச்சு.

என் பையனுக்கு ஒன்பது வயசு. கார்ட்டிங் கேட்டு அடம். எஃப்-1 வரைக்கும் போக வழி இருக்கா? (தாம்பரம், ஒரு அம்மா)

வழி இருக்கு அக்கா, நம்ம ஊர்ப் பக்கமே போயிருக்காங்க. நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டன் டீம்ல ஓட்டின முதல் இந்தியர், கோயம்புத்தூர்க்காரர். இண்டியானாபோலிஸ்ல மிஷலின் டயர் டீம்கள் எல்லாம் விலகி ஆறே கார் ஓடின ரேஸ்ல நாலாவது வந்து பாயின்ட்டும் எடுத்தார். அப்புறம் 2010-ல நம்ம சென்னை கருண் சந்தோக். அதுக்கப்புறம் புதுசா எந்த இந்தியருக்கும் கதவு திறக்கல. இந்த வருஷம் ரேசிங் புல்ஸ்ல வர்ற 18 வயசு லிண்ட்பிளாட், அம்மா வழியில இந்திய வம்சாவளி, ஆனா பிரிட்டிஷ் டிரைவர். பெங்களூர் குஷ் மைனி போன வருஷம் மொனாக்கோவுல எஃப்-2 ஸ்பிரின்ட் ஜெயிச்சார்.

எஃப்-1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேணும். அதுக்கு மூணு சீசன்ல 40 பாயின்ட். எஃப்-4, எஃப்-3, எஃப்-2-ன்னு படிப்படியா ஏறி, பெரும்பகுதி ஐரோப்பாவுல ஓட்டணும். திறமை ஒரு பக்கம், பணம் இன்னொரு பக்கம், ரெண்டாவதுதான் பலரை நிறுத்துது.

ஒண்ணு சொல்றேன். என் போஸ்ட்டுக்கு எதிரேயே ஒரு எஃப்-4 கார் சரளையில மாட்டிச்சு. ஓடிப்போனோம். பையன் இறங்கினான், ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. குனிஞ்சு முன் சக்கரத்து சஸ்பென்ஷன் கம்பியைக் கையால தடவிப் பார்த்தான், வளைஞ்சிருக்கான்னு. தடுப்புக்குப் பின்னாடி கூட்டிட்டு வந்து தண்ணி கொடுத்தேன். கையுறை வேர்வையில ஊறி கையோட ஒட்டிக்கிச்சு, பல்லால கடிச்சுத்தான் கழட்டினான். ஒரு வாய் குடிச்சிட்டு அவன் கேட்டது ரேஸைப் பத்தி இல்ல, "அங்கிள், இந்த கம்பி என்ன விலை இருக்கும்?" பதினாறு வயசு இருக்கும்.

பயமுறுத்தல அக்கா. முதல்ல வாடகை கார்ட்ல ஓட விடுங்க. ஒரு வருஷம் கழிச்சும் அதே அடம் இருந்தா, ஒரு ரேஸ் நாளுக்கு இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிட்டு வாங்க. பசங்க பிட்ல என்ன பண்றாங்கன்னு பார்க்கட்டும். ஓட்டத்தான் வேணும்னு இல்ல. மெக்கானிக், டேட்டா இன்ஜினியர்னு உள்ளே நுழைய நிறைய வாசல் இருக்கு.

தீவுத்திடல்ல ராத்திரி ரேஸ் நடந்துச்சே, அங்கே எஃப்-1 வருமா? (சிந்தாதிரிப்பேட்டை)

2024 ஆகஸ்ட் கடைசியில நடந்தது, 3.5 கிலோமீட்டர், நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை, அண்ணா சாலைன்னு. மிக்ஜாம் புயலால 2023 டிசம்பர்ல தள்ளிப்போனது. எஃப்-4 காருக்கு அது போதும். எஃப்-1-க்கு எஃப்ஐஏ-ங்கற உலக மோட்டார் ரேஸ் அமைப்பு டிராக்குக்குக் கொடுக்கற கிரேடு 1 வேணும். ஓடற வேகத்துக்கு ஏத்த இடம் அந்தத் தெருவுல இல்ல. டிராக் இருந்தாலும் கதை முடியாது. கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட் கிரேடு 1 வாங்கின டிராக்தான், 2011-ல இருந்து மூணு வருஷம் நடந்தது, மூணுமே வெட்டல் ஜெயிச்சார். வரித் தகராறுல நின்னுபோச்சு. வேகத்தடை டிராக்ல இல்ல, ஃபைல்ல.

பஹ்ரைன் டெஸ்ட்ல யாரு வேகம்னு பார்த்தா போதுமா? (கே.கே. நகர்)

போதாது. பத்து கிலோ எரிபொருள் கூடினாலே லேப்புக்கு சுமார் 0.3 விநாடி போயிடும், யாரு எவ்வளவு ஊத்தியிருக்காங்கன்னு வெளியில தெரியாது. மேல இருக்கற பேரைப் பார்க்காதீங்க, எத்தனை லேப் ஓடினாங்கன்னு பாருங்க. 2014-ல இதே மாதிரி இன்ஜின் ரூல் மாறினப்போ, ஹெரஸ் டெஸ்ட்ல நாலு நாள்ல ரெட் புல் மொத்தமே 21 லேப். மெர்சிடிஸ் முந்நூறைத் தாண்டி ஓடிச்சு. அந்த சீசன் 19 ரேஸ்ல 16 மெர்சிடிஸுக்கு. டைம் ஷீட்டை மூடி வச்சிட்டு லேப் கணக்கை மட்டும் எழுதியிருந்தாலே முடிவு தெரிஞ்சிருக்கும்.

சரி, யாரு சாம்பியன்? (எல்லாரும்)

ரஸ்ஸல். மெர்சிடிஸ் இன்ஜினும் காரும் ஒரே வீடு, நாலு டீமோட டேட்டா, 2014 அனுபவம் இன்னும் அந்த ஃபாக்டரியில இருக்கு. பக்கத்துல அன்டோனெல்லிக்கு 19 வயசு, வேகம் இருக்கு, நிதானம் வரணும். ரெண்டாவதா வெர்ஸ்டாப்பன் பேரை எழுதி வைக்கிறேன். மெக்லாரன் ரசிகர்கள் திட்டலாம், இடம் இருக்கு.

மெல்போர்ன் குவாலிஃபையிங் (யாரு எந்த இடத்துல கிளம்பறாங்கன்னு முடிவாகறது) சனிக்கிழமை நம்ம நேரத்துக்குக் காலை 10.30, ரேஸ் ஞாயிறு 9.30. அடுத்த வாரமே சீனா.