மனஅழுத்தமும் மூளை ஸ்கேனும்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: குறுவை கருகியதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் மனஅழுத்தம் தெரியுமா சார்? (மன்னார்குடி)

ப: தெரியாது. அதற்காகக் கடன் வாங்கிவிடாதீர்கள். ஆய்வுகளில் பார்க்கும் வண்ணப் படங்கள் பல பேருடைய சராசரி. ஒருவர் படத்தை வைத்து அவருடைய அழுத்தத்தை அளக்க முடியாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416-இல் டெலி-மானஸ் சேவை இலவசம், தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே போங்கள், தனியே விடாதீர்கள்.

கே: மனஅழுத்த ஆய்வில், ஸ்கேனருக்குள் படுத்திருப்பவருக்கு எப்படி மனஅழுத்தம் தருகிறார்கள்? எச்சில் மாதிரி எப்போது எடுப்பது? (உளவியல் மாணவி, தஞ்சாவூர்)

ப: மான்ட்ரியல் முறைதான் அதிகம் புழங்குகிறது. மனக்கணக்கு கொடுத்து, ஆளுக்கேற்ப நேரத்தைச் சுருக்கி, பாதிக்கு மேல் தப்பாகும்படி பார்த்துக்கொள்வார்கள். ‘மற்றவர்கள் நன்றாகச் செய்கிறார்கள்’ என்றும் காட்டுவார்கள். அதே கணக்கை அவசரமில்லாமல் போடவைத்து ஒப்பிடுவது கட்டாயம். இல்லாவிட்டால் படத்தில் தெரிவது அழுத்தமா, கணக்குப் போட்ட வேலையா என்று பிரிக்க முடியாது. முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மனசு நொந்து வீட்டுக்குப் போகக்கூடாது.

ஸ்கேனர் பதிவு செய்வது மூளையின் ரத்த ஓட்டச் சமிக்ஞையை. அது 5, 6 விநாடியில் உச்சம் தொடும். எச்சிலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏற 20 முதல் 30 நிமிடம் ஆகும். விழித்தவுடன் கார்டிசால் தானாகவே கூடுவதால் சோதனையைப் பிற்பகலில் வையுங்கள். டிகிரி காபி வேண்டாம்: காஃபின் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, கார்டிசாலையும் ஏற்றும். வெற்றிலை, புகையிலையும் கூடாது. சிவந்த எச்சிலை ஆய்வகம் திருப்பி அனுப்பிவிடும்.

பலர் கோட்டைவிடுவது மூச்சில். பதற்றத்தில் வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து குழாய்கள் சுருங்கும். மூளை அடங்கியதுபோல் படம் பொய் சொல்லும். நெஞ்சுப்பட்டையில் மூச்சையும், விரலில் நாடியையும் பதிவு செய்யுங்கள்.

கே: எம்.ஆர்.ஐ. எடுக்கத் தாலியோடு போகலாமா? (கும்பகோணம்)

ப: கழற்ற வேண்டும். தங்கத்தைவிட, சரட்டில் கோத்திருக்கும் ஊக்குதான் ஆபத்து, காந்தம் இழுத்துவிடும். கொண்டை ஊசி, மெட்டி, அரைஞாண் கொடியும் வெளியே இருக்கட்டும்.

கே: மனக்கவலை இதயத்தைத் தாக்குமா? (மயிலாடுதுறை)

ப: 2017-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 293 பேரின் பெட் ஸ்கேனை (உடலில் எந்தப் பகுதி அதிகம் இயங்குகிறது என்று காட்டும் படம்) பார்த்தார்கள். பயத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா அதிகம் இயங்கியவர்களுக்கு எலும்பு மஜ்ஜை இயக்கமும் தமனி அழற்சியும் கூடுதல். பின்னாளில் இதயநோயும் அதிகம் வந்தது. தொடர்பு தெரிகிறது, இதுதான் காரணம் என்று அந்த ஒரு ஆய்வு நிரூபிக்கவில்லை.

கே: கஜா புயலில் தோப்பை இழந்தவர்களுக்கு நினைவுப் பகுதி சுருங்கியிருக்குமா? (வேதாரண்யம்)

ப: இப்போது எடுக்கும் ஸ்கேன் மட்டும் அதைச் சொல்லாது. வியட்நாம் போருக்குப் போனவர்களையும் போகாத அவர்களுடைய இரட்டையரையும் ஒப்பிட்ட 2002 ஆய்வில், போருக்குப் பிந்தைய மனஅதிர்ச்சி நோய் கடுமையாக இருந்தவருக்கு, நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருந்தது. வீட்டில் இருந்த இரட்டையருக்கும் அப்படியே. சிலருக்குப் பிறவியிலேயே சிறிதாக இருக்கலாம். புயலுக்கு முன் எடுத்த படம் கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.