ஒரே குஞ்சு, இரண்டு குட்டை, இரண்டு உடல்வாகு

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் அரை ஏக்கர் அளவில் இரண்டு பண்ணைக் குட்டைகள் வைத்துள்ளேன். கடந்த ஆவணியில் ஒரே வியாபாரியிடம் ஒரே நாளில் வாங்கிய கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை இரண்டிலும் சம எண்ணிக்கையில் விட்டேன். ஆழ்துளைக் கிணற்று நீர் விடும் முதல் குட்டையில் கட்லா ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. ஏரிக் கால்வாய் நீர் பாயும் இரண்டாவது குட்டையில் கால் கிலோதான். தலை பெருத்து உடல் ஒட்டியிருக்கிறது. ரோகுவும் மெலிவு, மிர்கால் மட்டும் பரவாயில்லை. சிறு ஜிலேபி மீன்களும் (திலாப்பியா) அதில் கொஞ்சம் உண்டு. வியாபாரி வளர்ச்சி டானிக் ஊற்றச் சொல்கிறார். அவர் இரண்டு ரகங்களைக் கலந்து கொடுத்துவிட்டாரோ? முதல் குட்டை மீன்களைத் தாய்மீனாக வைத்து அந்த நல்ல ரகத்தைப் பெருக்கலாமா?

பதில்: தங்கள் கடிதத்தில் ஜிலேபிக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதும் அதைப் பற்றியே இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் குஞ்சு பற்றிய சந்தேகம். ரகம் கலந்திருந்தால் மெலிந்த கட்லா இரண்டு குட்டைகளிலும் பரவலாகக் கிடைத்திருக்கும். ஒரே குட்டையில் மட்டும் ஒதுங்கியிருக்காது. இரண்டாவது குட்டையின் நீர் கெட்டிருந்தால் மிர்காலும் சேர்ந்து மெலிந்திருக்கும். அடித்தரையில் மட்கியதைத் தின்னும் மிர்கால் ஓரளவு தேறி, மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணிய மிதவை உயிரிகளை நம்பியிருக்கும் கட்லா இளைத்திருக்கிறது என்றால், மேல்மட்டத்து உணவை வேறு யாரோ தின்கிறார்கள் என்றுதான் பொருள்.

1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, இரண்டு மூன்று மாதங்களிலேயே சினைப்பிடித்து, முட்டைகளை வாயில் அடைகாத்து, குட்டைக்குள்ளேயே ஓயாமல் பெருகும் மீன். நெரிசல் கூடினால் அதன் வளர்ச்சிதான் நிற்குமே தவிர, இனப்பெருக்கம் நிற்பதில்லை. வலையில் அகப்பட்டவை கொஞ்சமாக இருக்கலாம். கண்ணியில் நழுவிப் போன விரலளவு ஜிலேபிகளின் கூட்டம்தான் தாங்கள் போடும் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் தின்கிறது. வேலூர் வெயிலில் வைகாசியில் நீர் வற்றி ஆழம் குறையும்போது, இத்தனை வாய்களும் பாதி இடத்தில் நெருக்கியடிப்பதால், விடியற்காலையில் பிராணவாயுவுக்கும் போட்டி வந்துவிடுகிறது.

டானிக் வாங்க வேண்டாம். எதில் எவ்வளவு இருக்கிறது என்று தெளிவாக அச்சிடாத கேனை, குட்டையைப் பார்க்காமலே பரிந்துரைப்பவரிடம் வாங்குவது வீண் செலவு. ஊற்றியதில் ஏதேனும் பயன் இருந்தாலும் அது முதலில் ஜிலேபிக்குத்தான் போய்ச் சேரும்.

ஒரே வித்திலிருந்து இரண்டு உடல்வாகு எப்படி வரும் என்று தாங்கள் வியப்பது நியாயமே. சுவீடன் நாட்டுக் குளங்களில் கரூஷியன் கெண்டை என்றொரு மீன் உண்டு. தன்னை வேட்டையாடும் பைக் மீன் உள்ள நீரில் அது முதுகு உயர்ந்து வளர்வதும், பைக் இல்லாத நீரில் நெரிசலில் ஒடுங்கிய உடலோடு நிற்பதும் 1992-இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. அந்த மாற்றம் ஒரு மீனின் வாழ்நாளுக்குள்ளேயே நிகழ்கிறது. தலைமுறைகள் வழியே நிகழும் பிரிவு வேறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஏரிகள் சிலவற்றில், பனிக்காலம் முடிந்த பின்னான ஏறத்தாழ 12,000 ஆண்டுகளில், முதுகில் மூன்று முட்கள் கொண்ட ஸ்டிக்கிள்பேக் மீன் இரு வகையாகப் பிரிந்துள்ளது. ஒன்று நடுநீரில் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் ஒல்லி மீன். மற்றது கரையோரத் தரையில் புழுபூச்சி தேடும் அகன்ற வாய்க்காரன். ஒரே வகை மட்டும் வாழும் பல ஏரிகளில் அது இரண்டுக்கும் இடைப்பட்ட உருவத்தில் இருக்கிறது. பங்காளி இருக்கும் இடத்தில்தான் உருவம் இரு பக்கமும் விலகுகிறது.

தங்கள் குட்டையில் நடந்தது முதல் வகை. பத்து மாதத்தில் ரகம் பிரியாது. ஆந்திராவில் குஞ்சுகளை ஓராண்டு வேண்டுமென்றே நெருக்கமாக அடைத்து, வளர்ச்சியை நிறுத்தி வைத்து, பிறகு விசாலமான குளத்தில் விட்டு வேகமாகப் பெருக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நெரிசலில் வந்த மெலிவு இரத்தத்தில் ஊறியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆகவே முதல் குட்டை மீன் தனி ரகமும் அன்று. கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் சினையைத் தூண்டும் ஊசி போடாமல் தேங்கிய நீரில் சினை விடுவதுமில்லை. தாய்மீன் யோசனையை விட்டுவிடுங்கள்.

கேட்காத ஒன்றை இங்கே வலியுறுத்துகிறேன், ஏனெனில் இதைச் செய்யாத மீன் வளர்ப்பு கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதாகும். மாதம் ஒருமுறை, தீவனம் போட்டு ஒரு மணி நேரம் கழித்து வலை வீசி, ஒவ்வொரு இனத்திலும் இரண்டு மீனை அறுத்துக் குடலைப் பாருங்கள். கட்லாவின் குடல் வெறுமையாகவும் ஜிலேபியின் குடல் தவிட்டால் புடைத்தும் இருந்தால் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். கட்லாவும் ரோகுவும் ஒரே நிறக் குழம்பை வைத்திருந்தால் அவையே ஒன்றையொன்று நெருக்குகின்றன. வெள்ளிக் கெண்டையைக் கட்லாவோடு சேர்த்து விடாதீர்கள் என்று நான் சொல்லிவருவதும் இதனால்தான். இரண்டும் மேல்மட்டத்தில் மிதவை உணவுக்கே போட்டியிடுகின்றன. சராசரி எடையை மட்டும் எழுதி வைப்பதில் பயனில்லை; ஒவ்வொரு மீனாக நிறுத்து எழுதினால், பெரியவை மேலும் பெருத்துச் சிறியவை பின்தங்கும் போக்கு மூன்றாம் மாதமே கண்ணில் படும். கூடுதலாக ஐந்நூறு குஞ்சு இனாம் என்று வியாபாரி சொன்னால் மறுத்துவிடுங்கள். அவை ஐந்நூறு வாய்கள்.

இப்போது செய்ய வேண்டியது: இரண்டாவது குட்டைக் கட்லாவில் முப்பதைப் பிடித்து, வயிற்றுத் துடுப்பின் நுனியைச் சிறிது வெட்டி அடையாளமிட்டு, முதல் குட்டையில் அறுவடையால் இடம் கிடைத்ததும் விடுங்கள், இரண்டு மாதத்தில் அவை தேறுவதைத் தாங்களே எடை போட்டுப் பார்க்கலாம். மீதியை விற்றுவிட்டு, குட்டையை வடித்து, தரை வெடிக்கும்வரை காயவிடுங்கள். முழுவதும் வடிக்க முடியாமல் ஒரு அடி நீர் நின்றால், அரை ஏக்கருக்குச் சுமார் 150 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினால் எஞ்சிய ஜிலேபி செத்து மிதக்கும். மூன்று வாரம் கழித்தே குஞ்சு விட வேண்டும். கால்வாய் மதகில் கொசுவலை அளவுக்கு நெருக்கமான வலையை இரண்டடுக்காகக் கட்டுங்கள். அதையும் மீறி ஜிலேபி நுழைந்தால், கெண்டைகள் கால் கிலோவைத் தாண்டிய பிறகு, அவற்றைவிடச் சிறிய விரால்கள் சிலவற்றை விடலாம். முன்னதாக விட்டால் கெண்டைக் குஞ்சுகளையே தின்றுவிடும்.